கோபுரம் தூரத்தில், போன் காதோரத்தில்

2019 ஆம் ஆண்டு யாழ்ப்பாண மாநகர எல்லைக்குள் ‘ஸ்மார்ட் லாம்ப் போல்’ என்ற பெயரில் கம்பங்கள் நடப்பட்டபோது பெரும் சர்ச்சை எழுந்தது. அவை 5ஜி கோபுரங்கள்தான், தெருவிளக்கு என்று சொல்லிக் கொண்டுவந்து நடுகிறார்கள் என்றது சனம். 5ஜி இல்லை என்றது மாநகர சபை. எதிர்ப்புப் போராட்டங்கள் நடந்தன. அந்தக் கம்பங்களின் கதை ஓய்ந்தாலும் பேச்சு ஓயவில்லை. குடாநாட்டில் எந்த ஒழுங்கை முகப்பில் புதிதாக ஒரு ரவர் எழும்பினாலும் அதே பயங்கள் திரும்பி வருகின்றன: புற்றுநோய் வரும், பிள்ளைத்தாய்ச்சிக்குக் கூடாது, தென்னை குரும்பை கொட்டும், சிட்டுக்குருவி ஊரைவிட்டுப் போகும்.

இந்தப் பயத்தை அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. தங்கள் காணியிலும் தங்கள் வீதியிலும் யார் யாரோ வந்து எதையெதையோ நட்டுவிட்டுப் போனதைப் பல பத்தாண்டுகள் பார்த்த சனம் இது. கேட்காமல் எழும்பும் இரும்பைச் சந்தேகத்தோடு பார்ப்பது நியாயம். ஆனால் அந்தச் சந்தேகம் முழுவதும் 100 மீற்றர் தள்ளி நிற்கும் கோபுரத்தின் மேலேயே விழுகிறது. காதோடு ஒட்டிக் கிடக்கும் இன்னொரு வானலை செலுத்தி, அதாவது கைத்தொலைபேசி, கணக்கில் வருவதேயில்லை. தலைக்குள் போகும் சக்தியை அளந்து பார்த்தால் முன்னுக்கு நிற்பது போன்தான். கோபுரத்தைத் தூரத் துரத்தினால் அதே போன் கூடுதல் வலுவோடு அலை அனுப்ப வேண்டிவரும். இது விளங்கவேண்டுமானால் பாதுகாப்பு எல்லைகள் எங்கிருந்து வந்தன என்று முதலில் பார்க்கவேண்டும்.

சூடாக்கும் அலை

கைத்தொலைபேசியும் கோபுரமும் பேசிக்கொள்வது வானொலி அலைகளில். வானொலிப் பெட்டி பிடிக்கும் எப்.எம். அலையின் உறவுதான், அதிர்வெண் மட்டும் கூட. எப்.எம். 100 மெகாஹெர்ட்ஸை ஒட்டி நிற்க, கைத்தொலைபேசி 900, 1800, 2100 மெகாஹெர்ட்ஸ் போன்ற பட்டைகளில் இயங்குகிறது.

உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்கு நினைவிருக்கும்: அலையின் சக்தி போட்டன் என்ற சிறு கூறுகளாக வருகிறது, ஒவ்வொரு போட்டனின் சக்தியும் அதிர்வெண்ணைப் பொறுத்தது. 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் ஒரு போட்டனிடம் இருப்பது, அணுவளவிலான சக்தியை அளக்கும் அலகான இலத்திரன்வோற்று ஒன்றைப் பத்து இலட்சமாகப் பிரித்தால் வரும் பங்கில் ஏறத்தாழ நாலு. ஒரு மூலக்கூறிலிருந்து இலத்திரனைப் பிய்த்தெடுக்கவோ ஏறத்தாழ 10 இலத்திரன்வோற்று வேண்டும். இடைவெளி 25 இலட்சம் மடங்குக்கும் மேல். எக்ஸ் கதிரும், தெல்லிப்பழையில் புற்றுநோயாளர்களுக்குக் கொடுக்கும் சிகிச்சைக் கதிரும் அந்த எல்லையை எங்கேயோ தாண்டியவை. அதனாலேயே அவற்றால் டிஎன்ஏ இழையை உடைக்க முடிகிறது. வானொலி அலைக்கு அந்த வலு இல்லை. அலையின் அளவைக் கூட்டினால் போட்டன்களின் எண்ணிக்கை கூடுமே தவிர, தனி ஒரு போட்டனின் சக்தி கூடாது.

அப்படியானால் இந்த அலை உடலுக்கு ஒன்றும் செய்யாதா? செய்யும். உடலில் நிறைந்திருக்கும் நீர் மூலக்கூறுகளையும் உப்பு அயன்களையும் அசைத்துச் சூடாக்கும். போதுமான அளவு வலுவாக இருந்தால் இழையத்தைச் சுட்டுவிடவும் முடியும். உறுதியாக நிறுவப்பட்ட தீங்கு இந்தச் சூடுதான். பாதுகாப்பு எல்லைகளும் இதை வைத்தே கட்டப்பட்டிருக்கின்றன. வேறு ஏதாவது வழியில் தீங்கு வருமா என்பது இன்னும் ஆராயப்படுகிறது, அதற்குப் பின்னர் வருகிறேன்.

எல்லை எப்படி வந்தது

உலகில் பெரும்பாலான நாடுகள் பின்பற்றும் எல்லைகளை வகுத்தது, அயனாக்காத (அதாவது இலத்திரனைப் பிய்த்தெடுக்க முடியாத) கதிர்வீச்சிலிருந்து பாதுகாப்புப் பெறுவதற்கான சர்வதேச ஆணைக்குழு. 1992 இல் உருவான இந்த அமைப்பு ஜேர்மனியில் இயங்குகிறது. 1998 இல் ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. 5ஜியின் உயர் அதிர்வெண்களையும் சேர்த்து 2020 இல் அதைப் புதுப்பித்தது. இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தும் ஆணைக்குழு எடுத்துக்கொண்டிருப்பதும் இந்த வழிகாட்டியைத்தான்.

அளவுகோல் எளிமையானது. ஒரு கிலோகிராம் உடல் இழையம் எத்தனை வாட் சக்தியை உறிஞ்சுகிறது என்று பார்க்கிறார்கள். போன் பெட்டிகளில் எஸ்.ஏ.ஆர். என்று போட்டிருப்பது இந்த எண்தான்.

முழு உடலும் கிலோவுக்கு 4 வாட் வீதம் அரை மணித்தியாலமளவு தொடர்ந்து உறிஞ்சினால் உள் வெப்பநிலை ஏறத்தாழ 1 பாகை செல்சியஸ் உயரலாம். தீங்கு தொடங்கக்கூடிய இடம் இது என்று வைத்துக்கொண்டார்கள். கோபுரங்களில் ஏறி வேலைசெய்யும் பயிற்சி பெற்ற தொழிலாளருக்கு அதைப் பத்தால் வகுத்து 0.4 வாட் என்று வைத்தார்கள். பொதுமக்களுக்கு ஐம்பதால் வகுத்து 0.08 வாட். குழந்தை, முதியவர், நோயாளி, கர்ப்பிணி எல்லோரும் பொதுமக்களுக்குள் அடக்கம் என்பதால்தான் அந்தக் கூடுதல் ஐந்து மடங்கு. சித்திரை வைகாசி வெக்கையில் ஏற்கெனவே வேர்த்துக் களைத்திருக்கும் உடலுக்கு இந்தக் கணக்குப் பொருந்துமா என்று யாழ்ப்பாணத்தவர் கேட்டால், அது சரியான கேள்வி. சூழல் வெப்பமும், ஆளுக்கு ஆள் உடல் சூட்டைத் தணிக்கும் திறன் வேறுபடுவதும் அந்த 50 மடங்குக்குள் கணக்கெடுக்கப்பட்டவை. இன்னொன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: சும்மா இருக்கும்போதே மனித உடல் கிலோவுக்கு 1 வாட் அளவு சூட்டைத் தானாக உண்டாக்குகிறது. பொதுமக்கள் எல்லை அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு.

போன் காதோடு இருக்கும்போது சூடு முழு உடலுக்கும் பரவாது, ஓரிடத்தில் குவியும். அதற்குத் தனி எல்லை உண்டு. தலையிலும் உடற்பகுதியிலும் ஏதாவது 10 கிராம் இழையத்தில் சராசரி கிலோவுக்கு 2 வாட்டைத் தாண்டக்கூடாது. கை, கால்களுக்கு 4 வாட். அமெரிக்கா 10 கிராமுக்குப் பதிலாக 1 கிராம் இழையத்தை எடுத்து 1.6 வாட் என்று வைத்திருக்கிறது. சிறிய துண்டில் சராசரி எடுப்பதால் இது கொஞ்சம் இறுக்கமானது. இந்தியாவும் 2012 செப்டெம்பரிலிருந்து போன்களுக்கு இந்த 1.6 ஐயே எடுத்துக்கொண்டது. கோபுரங்களுக்குச் சர்வதேச எல்லையில் பத்தில் ஒன்றை வைத்ததும் அப்போதுதான்.

பல போன்களில் *#07# என்று அழுத்தினால் அந்த மாதிரியின் எஸ்.ஏ.ஆர். எண் திரையில் வரும். வரும் எண்ணை எப்படி வாசிப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ஆய்வுகூடத்தில், மனிதத் தலை வடிவத்தில் செய்த ஒரு கோதுக்குள் மூளை இழையத்தின் மின்னியல்புகள் கொண்ட திரவத்தை ஊற்றி, போனை அதன் உச்ச வலுவில் பேசவைத்து, உள்ளே ஒரு நுண்ணுணரியை இயந்திரக் கையால் நகர்த்தி அளக்கிறார்கள். போன் தன் வாழ்நாளில் அரிதாகவே தொடும் உச்சநிலை அது. ஆகவே 0.9 என்று போட்ட போன் 1.2 என்று போட்ட போனைவிட அன்றாடப் பாவனையில் குறைவாகத்தான் அலை செலுத்தும் என்று சொல்லவே முடியாது. நல்ல சிக்னல் உள்ள இடத்தில் 1.2 போனும், சிக்னல் இல்லாத இடத்தில் 0.9 போனும் இருந்தால் கணக்கு அப்படியே தலைகீழாகிவிடும்.

அந்தத் தலை வடிவம் வளர்ந்த ஆணின் அளவில் செய்யப்பட்டது என்ற குறை நீண்டகாலமாகச் சொல்லப்படுகிறது. சிறுபிள்ளைகளின் மண்டையோடு மெல்லியது; அவர்களின் தலைக்குள் சில பகுதிகள் பெரியவர்களைவிடக் கூடுதலாக உறிஞ்சுகின்றன என்று கணினி மாதிரிக் கணிப்புகள் காட்டியிருக்கின்றன. பிள்ளைகளின் காதில் போனை வைத்து மணிக்கணக்கில் பேசவிடவேண்டாம் என்று நான் சொல்வதற்கு இது போதுமான காரணம்.

எல்லைகள் வெறும் காகிதத்தில் மட்டும் கிடக்கின்றன என்றும் சொல்லமுடியாது. 2023 செப்டெம்பரில் பிரான்சின் அலைவரிசை முகவரகம் ஐபோன் 12 ஐக் கடையிலிருந்து எடுத்து அளந்தது. கையில் பிடித்திருக்கும் நிலைக்கான எஸ்.ஏ.ஆர். 4 வாட்டுக்குள் இருக்கவேண்டியது 5.74 வாட்டாக வந்தது. விற்பனையை நிறுத்தச் சொன்னார்கள். அப்பிள் நிறுவனம் மென்பொருளைத் திருத்திக் கொடுத்தது. கை, கால்களுக்குப் பத்து மடங்கு இடைவெளியோடு வகுத்த எல்லையை மீறுவது உடனடி ஆபத்து என்று அந்த முகவரகமும் சொல்லவில்லை. என்றாலும் கடையில் விற்கும் போனை அரசு தானாக எடுத்து அளப்பதும், பிழை கண்டால் பெயர் சொல்லி நிறுத்துவதும்தான் ஒரு நாட்டில் நம்பிக்கையை உண்டாக்கும்.

ரவருக்கு அடியில்

கோபுரத்தின் உச்சியில் நீள்பெட்டிகளாகத் தெரியும் அன்ரனாக்கள் எல்லாப் பக்கமும் சமமாக அலை வீசுவதில்லை. அலையை ஒரு தட்டையான கற்றையாக்கி, ஏறத்தாழக் கிடையாக, சில பாகை மட்டும் கீழே சாய்த்து அனுப்புகின்றன. பருத்தித்துறை வெளிச்சவீட்டின் ஒளி கடலில் தூரத்துக் கப்பலுக்குத் தெரிய, அதன் அடியில் நிற்பவர் இருட்டில் நிற்பதைப் போலத்தான் இதுவும். கற்றை நிலத்தைத் தொடுவது பொதுவாக 50 முதல் 300 மீற்றர் தள்ளி. ரவர் நிற்கும் வளவுக்காரர் வாங்கும் அலை, இரண்டு ஒழுங்கை தள்ளி மேல்மாடியில் இருப்பவர் வாங்குவதைவிடக் குறைவாக இருக்க வாய்ப்புண்டு. எதிர்ப்புக் கூட்டங்களில் முன்வரிசையில் நிற்பவர்கள் பெரும்பாலும் அந்த அயல்வீட்டுக்காரர்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

எவ்வளவு அலை வரும் என்று கணக்குப் போடலாம். ஓர் அன்ரனாவுக்குச் சில பத்து வாட் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கற்றையாகக் குவிவதால், அந்தத் திசையில் நிற்பவருக்கு அது எல்லாப் பக்கமும் வீசும் 1000 வாட் செலுத்திக்குச் சமமாகத் தெரியும். தூரம் இருமடங்கானால் செறிவு நாலில் ஒன்றாகும் என்ற விதிப்படி, கற்றைக்கு நேரே 100 மீற்றரில் ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 0.008 வாட் வரும். 900 மெகாஹெர்ட்ஸில் பொதுமக்களுக்கான எல்லை சதுர மீற்றருக்கு 4.5 வாட், 1800 இல் 9, 2000 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே 10. அதாவது எல்லையில் 500 இல் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரே கோபுரத்தில் மூன்று நிறுவனங்கள் பல பட்டைகளில் ஏறியிருக்கின்றன, ஆகவே பத்தால் பெருக்கு என்றாலும் ஐம்பதில் ஒரு பங்கைத் தாண்டாது. சுவரும் கூரையும் மறைத்தால் இன்னும் குறையும். பல நாடுகளில் பொது இடங்களில் எடுத்த அளவீடுகள் எல்லையில் 0.002 வீதத்திலிருந்து 2 வீதம் வரை இருந்ததாக உலக சுகாதார அமைப்பு 2006 இல் தொகுத்துச் சொன்னது. மேலே போட்ட கணக்கும் அந்த வரம்புக்குள்தான் விழுகிறது. அதே ஆவணம் இன்னொன்றையும் சொன்னது: சம அளவு செறிவில், எப்.எம். வானொலி, தொலைக்காட்சி அலைகளைக் கைத்தொலைபேசிக் கோபுர அலையைவிட ஐந்து மடங்கு வரை உடல் கூடுதலாக உறிஞ்சும். 100 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளத்தில் பாதி மனித உயரத்தோடு ஏறத்தாழ ஒத்துப்போவதே காரணம்.

இதே கணக்கு எங்கே ஆபத்து என்பதையும் காட்டுகிறது. அன்ரனாவுக்கு நேர் முன்னே ஒரு சில மீற்றருக்குள் எல்லை தாண்டப்படும். கோபுரத்தில் ஏறுபவர், மொட்டைமாடியில் பொருத்திய அன்ரனாவுக்கு முன்னால் நிற்கும் பெயின்ரர், தண்ணீர்த் தாங்கி திருத்தப் போனவர் ஆகியோருக்குத்தான் உண்மையான அபாயம். நகரத்தில் கட்டடக் கூரைகளில் அன்ரனா வைப்பது கூடிவரும் காலத்தில், அந்தக் கூரைக்கு யார் ஏறலாம், எச்சரிக்கைப் பலகை இருக்கிறதா, படலை பூட்டியிருக்கிறதா என்று கேட்பவர்கள் குறைவு. போராட்டங்களில் இந்தக் கேள்வி முன்னுக்கு வரவேண்டும் என்று விரும்புகிறேன்.

‘ரவர் இருபத்திநாலு மணித்தியாலமும் ஓடுது, போன் கொஞ்ச நேரம்தானே’ என்பார்கள். சூட்டைப் பொறுத்தவரை அது சேர்ந்துகொண்டே போகாது; இரத்த ஓட்டம் அதை உடனுக்குடன் அள்ளிக்கொண்டு போய்விடும். அதனால்தான் எல்லைகள் 6 நிமிடச் சராசரியிலும் 30 நிமிடச் சராசரியிலும் வகுக்கப்பட்டிருக்கின்றன.

உரக்கப் பேசும் போன்

இப்போது போன் பக்கம் வருவோம். 2ஜி போன் 900 மெகாஹெர்ட்ஸில் உச்சமாக 2 வாட் வரை செலுத்தும். எட்டு நேரக்கூறுகளில் ஒன்றில் மட்டும் பேசுவதால் சராசரி 0.25 வாட். 4ஜி போனின் உச்சம் ஏறத்தாழ 0.2 வாட். கோபுரத்தின் சில பத்து வாட்டோடு பார்த்தால் சிறிது. ஆனால் இது தோலிலிருந்து 1 சென்ரிமீற்றர்கூடத் தள்ளி இல்லை. காதோடு வைத்தால் அந்தச் சக்தியில் கணிசமான பங்கு தலைக்கும் கைக்கும்தான் போகும்.

நல்லூரிலோ திருநெல்வேலிச் சந்தியிலோ நின்று பேசும்போது போன் இந்த உச்சத்துக்குப் போகவேண்டியதில்லை. கோபுரம் பக்கத்தில் இருப்பதால், ‘நீ சொல்வது தெளிவாகக் கேட்கிறது, வலுவைக் குறை’ என்று அது நொடிக்குப் பலமுறை போனுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். 2 வாட் செலுத்தக்கூடிய 2ஜி போன் சில மில்லிவாட் வரை இறங்கிவிடும். நூற்றுக்கணக்கான மடங்கு குறைவு. 3ஜி, 4ஜி இதை இன்னும் நுணுக்கமாகச் செய்கின்றன.

குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவுக்குப் போகும் வழியில் சிக்னல் ஒரு கோட்டுக்கு இறங்கும்போது நடப்பது இதன் மறுபக்கம். ஒற்றைக் கோட்டில் ‘கேக்குதோ, கேக்குதோ’ என்று பேசிக்கொண்டிருப்பவரின் போன் தன் முழு வலுவையும் போட்டுத் தூரத்துக் கோபுரத்தை எட்டப் பார்க்கிறது. பழைய கல்வீடுகளின் தடித்த சுவருக்குள்ளும், தகரம் போட்ட கொட்டிலுக்குள்ளும், கொங்கிறீற் கட்டடத்தின் நடு அறையிலும் இதே நிலைதான். தீவகத்தில் கோபுரம் வேண்டாம் என்று ஓர் ஊர் தடுத்தால், அந்த ஊராரின் தலை வாங்கும் அலை குறையாது, கூடும். மருத்துவ அவசரத்துக்குப் படகைக் கூப்பிட முடியாமல் போவது அதற்கு மேலே வரும் இழப்பு.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் ஒரு நல்ல பழக்கம் தானாக வந்து சேர்ந்திருக்கிறது. ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் பாரிசுக்கும் வாட்ஸப்பில் முகம் பார்த்துப் பேசும் அம்மம்மாமார் போனைக் காதில் வைப்பதில்லை. ஒரு முழம் தள்ளிப் பிடித்து ஸ்பீக்கரில் பேசுகிறார்கள். 1 சென்ரிமீற்றரில் இருந்த போன் 30 சென்ரிமீற்றருக்குப் போனால் தலை வாங்கும் சக்தி மிகச் சிறிதாகிவிடும். வீட்டு வைபை இணைப்பில் பேசினால் இன்னும் நல்லது, ஏனென்றால் வைபைக்குப் போன் செலுத்தவேண்டிய வலு குறைவு. இரண்டு மணித்தியாலம் பேசினாலும் அவர்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை. தலையணைக்கும் காதுக்கும் நடுவே போனைச் செருகிக்கொண்டு, மூலை அறையில் ஒரு கோடு சிக்னலில் இரவெல்லாம் பேசும் இளையவர்களைப் பற்றித்தான் கவலை.

புற்றுநோய்க் கேள்வி

2011 மே மாதம் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வானொலி அலைகளை ‘2பி’ வகுப்பில் சேர்த்தது. மனிதரில் புற்றுநோயை உண்டாக்கக்கூடும், ஆனால் ஆதாரம் மட்டுப்பட்டது என்பது அந்த வகுப்பின் பொருள். கற்றாழை முழு இலைச் சாறும், ஆசிய முறையில் ஊறவைத்த மரக்கறியும் அதே வகுப்பில் இருக்கின்றன. முதலாம் வகுப்பில், அதாவது உறுதியாகப் புற்றுநோயை உண்டாக்குபவற்றில், புகையிலையும் பாக்கும் இருக்கின்றன. புகையிலை குடாநாட்டின் பணப்பயிர். வெற்றிலை பாக்கு நம் வீட்டுத் தட்டத்தில் இருப்பது. இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். கோபுரத்துக்கு எதிராகக் கையெழுத்துச் சேர்க்க வந்தவர் வாயில் வெற்றிலையோடு நின்றால் அவருக்கு இதைச் சொல்லவேண்டியது நம் கடமை.

2பி முடிவுக்கு முக்கிய ஆதாரங்களில் ஒன்று, 13 நாடுகளில் நடந்து 2010 இல் வெளியான இன்டர்போன் ஆய்வு. மொத்தத்தில் போன் பாவிப்போரிடம் மூளைக் கட்டி கூடவில்லை. மொத்தம் 1640 மணித்தியாலத்துக்கு மேல் பேசியதாகச் சொன்ன உச்சப் பத்தில் ஒரு பங்கினரிடம் மட்டும் கிளையோமா என்ற கட்டி 40 வீதம் கூடியதாகத் தெரிந்தது. நோய் வந்தவர்கள் தங்கள் பழைய பாவனையைக் கூட்டி நினைவுபடுத்துவது வழக்கம் என்பதால், அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்று ஆய்வாளர்களே ஐயப்பட்டார்கள். அதன் பின் ஆட்களை முன்கூட்டியே பதிந்து ஆண்டுக்கணக்கில் தொடர்ந்த ஆய்வுகள், பிரித்தானியப் பெண்களிடம் நடந்த பெரும் ஆய்வு உட்பட, அத்தகைய கூடுதலைக் காணவில்லை. உலக சுகாதார அமைப்புக்காக 63 ஆய்வுகளைத் தொகுத்து 2024 இல் வெளியான மீளாய்வும் கைத்தொலைபேசிக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணவில்லை. ஒவ்வொருவர் கையிலும் போன் வந்து இருபது ஆண்டுகளுக்குப் பின்னும், புற்றுநோய்ப் பதிவேடுகளை ஒழுங்காக வைத்திருக்கும் வட ஐரோப்பிய நாடுகளில் மூளைக் கட்டிகள் அந்த வேகத்தில் ஏறவில்லை.

ஆனால் இது முற்றாக மூடப்பட்ட கோவை இல்லை. 2018 இல் அமெரிக்க தேசிய நச்சியல் திட்டம், எலிகளை நாளொன்றுக்கு 9 மணித்தியாலம் வீதம் இரண்டு ஆண்டுகள், முழு உடலுக்கும் கிலோவுக்கு 6 வாட் வரை அலையில் வைத்திருந்தது. ஆண் எலிகளின் இதயத்தில் ஷ்வானோமா என்ற கட்டி கூடியது. மனிதருக்கான முழு உடல் எல்லையைவிட எழுபது மடங்குக்கு மேற்பட்ட அளவு அது. அலை வாங்கிய அதே ஆண் எலிகள் வாங்காத எலிகளைவிட நீண்டநாள் வாழ்ந்தன என்பதும் அந்த ஆய்விலேயே உள்ளது. எனினும் 2025 இல் வெளியான விலங்காய்வு மீளாய்வு, ஆண் எலிகளில் அந்தக் கட்டிகள் பற்றிய ஆதாரம் வலுவானது என்றே மதிப்பிட்டது. புற்றுநோய் முகவரகமும் வானொலி அலைகளை மீண்டும் மதிப்பிடுவதை முன்னுரிமைப் பட்டியலில் வைத்திருக்கிறது. மனிதரில் தொடர்பு தெரியவில்லை, விலங்கில் உயர் அளவில் ஏதோ தெரிகிறது: இன்றைய நிலை இதுதான். இதைப் பயங்கரமாக்குவதும் பிழை, ஒன்றுமேயில்லை என்று அடித்துச் சொல்வதும் பிழை.

செய்யக்கூடியவை

சிக்னல் ஒரு கோட்டில் இருந்தால் நீண்ட பேச்சைத் தள்ளிப்போடுங்கள், முற்றத்துக்கு வந்து பேசுங்கள். ஸ்பீக்கர் அல்லது வயர் உள்ள ஹெட்போன் பாவியுங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் சட்டையின் மேற்பையில் போனை வைக்கக்கூடாது; 15 சென்ரிமீற்றராவது தள்ளி இருக்கவேண்டும். மோட்டார் சைக்கிளில் ஹெல்மெற்றுக்குள் போனைச் செருகிப் பேசுபவருக்கு அலையைவிடப் பெரிய ஆபத்து ஏ9 வீதியில் எதிரே வரும் பஸ்.

கதிரைத் தடுக்கும் ஒட்டி, சிப், உறை என்று இணையத்தில் விற்பவற்றுக்குக் காசைக் கொடுக்காதீர்கள். அன்ரனாவை மறைத்தால் போன் வலுவைக் கூட்டும், அவ்வளவுதான் நடக்கும். 5ஜியைத் தடுக்கும் என்று விற்ற பதக்கங்களும் கைவளையங்களும் உட்படப் பத்துப் பொருட்கள் கதிரியக்கம் உள்ளவை என்று 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுக்கதிர்ப் பாதுகாப்பு அதிகாரசபை அறிவித்தது. டிஎன்ஏவை உடைக்கவல்ல அந்தக் கதிரைக் காசு கொடுத்து வாங்கி, நாள் முழுக்கக் கழுத்தில் போட்டிருந்திருக்கிறார்கள். சிறுவர்களுக்கான ஒரு கைவளையமும் அவற்றில் இருந்தது.

கோபுரத்தைப் பற்றிய சந்தேகத்தை அளவீட்டால் தீர்க்கலாம். ஒழுங்குறுத்தும் ஆணைக்குழுவும் பிரதேச சபை, மாநகர சபைகளும் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குள் வருபவை. எழுத்தில் கேட்டால் 14 வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்ற முடிவைச் சொல்லவேண்டும். வாசிகசாலையோ, கிராம அபிவிருத்திச் சங்கமோ ஒரு கடிதம் எழுதினால் போதும். எந்தப் பட்டைகள், ஒவ்வொன்றிலும் உச்ச வலு எவ்வளவு, அன்ரனா நிலத்திலிருந்து எத்தனை மீற்றர், எந்தத் திசை, எத்தனை பாகை சாய்வு, கட்டட அனுமதி எப்போது கொடுக்கப்பட்டது, ஜெனரேற்றர் இரைச்சலுக்கும் இடிதாங்கிக்கும் என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். அயலவரிடம் கேட்காமல் அனுமதி கொடுத்திருந்தால் அதையும் கேளுங்கள். அலை எல்லைக்குள் இருப்பது, சொல்லாமல் கட்டியதை நியாயப்படுத்தாது.

அளக்க வருபவர்கள் கருவியைக் கோபுரத்தின் அடியில் வைத்து எண்ணைக் காட்டிவிட்டுப் போக விடாதீர்கள். அங்கே எப்படியும் குறைவாகத்தான் வரும். கற்றை விழும் 50 முதல் 300 மீற்றர் தூரத்தில், அன்ரனாவை நேரே பார்க்கும் மேல்மாடி அறையிலும் பாடசாலை மாடியிலும், எல்லோரும் போனோடு இருக்கும் பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு, எல்லா நிறுவனங்களின் பட்டைகளையும் சேர்த்து அளக்கச் சொல்லுங்கள். ஒவ்வோர் இடத்திலும் வந்த எண்ணையும் அந்தப் பட்டைக்கான எல்லையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வாங்கி, சந்தியில் இருக்கும் அறிவித்தல் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள்.